மாமா வீட்டுச் சுவரில் இருந்த கோடு

போன வாரம் நடவுக்கு ஆள் கிடைக்கல. சரின்னு பாகூர்லேர்ந்து பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். கிருஷ்ணா நகர்ப் பக்கம் தூரத்து மாமா ஒருத்தர் வீட்டை விக்கிறார், துணைக்கு வாடான்னு கூப்பிட்டிருந்தார்.

வாங்க வந்தது சென்னையில் வேலை பார்க்கும் ஒரு இளம் ஜோடி. அந்தப் பொண்ணு கேட்டது ஒரே கேள்வி: "மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமாங்க?"

"ஒரு சொட்டு வராதும்மா" என்றார் மாமா.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே கூடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பீரோவைத் தூக்கி வைத்தவன் நான். தண்ணிக் கோடு இருந்த சுவரில் இப்போ புது பெயின்ட் வாசம். காபியைக் குடிச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

பத்திரம் போலின்னா ஊரே பேசும். ரெயின்போ நகர்ல காமாட்சியம்மன் கோயில் நிலத்தைப் போலி ஆவணம் வச்சு வித்த வழக்கில் சார்பதிவாளர் வரைக்கும் கைதானாங்க. ஆனா இந்த மாதிரி வாய்ப்பொய்யை 'வியாபாரம்னா அப்படித்தான்'னு விட்டுடுறோம். சட்டம் அப்படி விடல. வீட்டைப் பத்தி வாங்குறவர் கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லியாகணும்னு 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்லுது. தெரிஞ்சே பொய் சொன்னா, ஒப்பந்தச் சட்டத்துல அதுக்குப் பேரு மோசடி. ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேக்கலாம். ஆனா கோர்ட்டுல 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே'ன்னு மாமா சொன்னா என்ன செய்வீங்க? அதனால கேள்வியையும் பதிலையும் விற்பனை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க. வில்லங்கச் சான்றிதழ்ல அடமானம் தெரியும், வெள்ளம் தெரியாது.

இன்னொண்ணு. நாங்க நிலம் வாங்கினா ஐப்பசி, கார்த்திகையில ஒரு தடவை போய் வரப்புல நின்னு பாப்போம். நீங்க சித்திரை வெயில்ல பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கிறீங்க. எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும்.

பதிவு அடுத்த புதன்கிழமை. நேத்து மாமாவுக்குப் போன் போட்டேன். "நீங்க சொல்லுங்க மாமா, இல்லன்னா நான் சொல்லிடுவேன்"னேன். கட் பண்ணிட்டார். அந்தப் பொண்ணோட நம்பர் என்கிட்ட இருக்கு.