கையெழுத்து யாருடையது?

‘முதியோர் இல்லம்’ என்ற வார்த்தையைச் சொன்னாலே நம்மவர்களுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. சினிமாவிலும் பட்டிமன்றத்திலும் இந்தக் கண்ணீருக்கு நல்ல கிராக்கி. பெற்றவளை அங்கே கொண்டுபோய் விட்டவன் பாவி. வீட்டில் வைத்திருப்பவன் புண்ணியவான். கணக்கு முடிந்தது, கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். ஆகையால் என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் என் சித்தியை ஓர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். குழந்தையில்லாதவள், சிறுவயதில் என்னைத் தூக்கி வளர்த்தவள். அப்போது அவளுக்கு வயது 79. குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்த பிறகு, தனியே இருக்க விடக் கூடாது என்று நானும் என் தம்பியும் கூடிப் பேசி முடிவு செய்தோம். அவளிடம், “பத்து நாள் இருந்து பாருங்க சித்தி” என்றோம். அது பொய். அவளுக்கும் அது பொய்யென்று தெரியும்.

ஆபீஸ் அறையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். சித்தி வெளியே பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவத்தில் ‘சேர்பவர் கையொப்பம்’ என்று ஓர் இடம் இருந்தது. அவளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். “வேண்டியதில்லை சார், நீங்க போட்டாப் போதும்” என்றார் குமாஸ்தா. போட்டேன்.

31 வருஷம் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, ஊர்ப் பிள்ளைகளின் மார்க்குப் புத்தகத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவள் என் சித்தி. இல்லத்துக்கு மாதாமாதம் கட்டுவதும் அவளுடைய பென்ஷன் பணம்தான். அவளுடைய வாழ்க்கை, அவளுடைய பணம், கையெழுத்து மட்டும் என்னுடையது!

ஒரு மாதம் கழித்துப் போனபோது அவள் அழவில்லை. “சாப்பாடு நல்லாத்தான் இருக்குடா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்திருப்பேன். தையல் மெஷினையும் எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்” என்றாள். அதற்குள் மெஷினை நாங்கள் விற்றுவிட்டோம்.

இந்த விவகாரத்தில் பாவம் எங்கே இருக்கிறது? இல்லத்திலா? இல்லை, அந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

கண்ணீர்க் கட்சிக்காரர்களை நான் கேட்கிறேன்: ஆடிக்கு மூத்தவன் வீடு, ஆவணிக்கு இளையவன் வீடு என்று மூட்டை முடிச்சோடு அனுப்பப்படுகிறாளே தாய், அவளை எவனாவது கேட்டானா? வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறேன் என்று மார்தட்டுகிறவர் எத்தனை நாள் தம் கையால் படுக்கை விரிப்பை மாற்றியிருக்கிறார்? மாற்றுகிறவள் மருமகள், புண்ணியம் மட்டும் மகனுக்கு. வானப்பிரஸ்தம் என்று ஒன்றை வகுத்தவர்களும் நம்முடைய முன்னோர்தாம். அது தானே புறப்பட்டுப் போவது. யாரும் ஏற்றி அனுப்புவதல்ல.

ஆகையால், வயதானவர்களே, உங்களோடு நேராகப் பேசுகிறேன். நடமாட்டமும் நினைவும் நன்றாக இருக்கும்போதே நீங்களாகப் போய்ப் பாருங்கள். இல்லம் என்பது ஒரே சரக்கு அல்ல. ஆதரவற்றவர்களை இலவசமாக வைத்துக்கொள்வது ஒன்று. மாதக் கட்டணம் வாங்குவது ஒன்று. கோயமுத்தூர்ப் பக்கம் நிறைய எழும்பியிருப்பதுபோல் வீட்டையே விலைக்கோ குத்தகைக்கோ தருவது இன்னொன்று. பளபளக்கும் விளம்பரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் மானேஜர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘நான் படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?’ என்று கேளுங்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் இடங்கள் பல உண்டு. நோயில் விழுந்த அன்று மகனுக்குத் தகவல் போகும், ‘அழைத்துப் போங்கள்’ என்று. முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், வெளியேறினால் எப்போது, இறந்துபோனால் யாருக்கு, கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது—எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பதிவு பெற்ற இல்லமா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை வீட்டைக் காலி செய்யாதீர்கள், சாவியையும் கொடுக்காதீர்கள்.

வீட்டை எழுதிக் கொடுக்கும் அவசரமும் வேண்டாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது. ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால், தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய அதன் 23-வது பிரிவு இடம் தருகிறது. அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சட்டத்தை முதியவர்களுக்கு அனுகூலமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 2025-இல் சொன்னது. ‘பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை?’ என்று கூசி எழுதாமல் விட்டால், அந்தக் கூச்சத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டி வரும்.

அதே சட்டத்தின் 19-வது பிரிவையும் பாருங்கள். ஏழை முதியவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேருக்குக் குறையாத இல்லங்களை மாநில அரசு அமைக்க‘லாம்’ என்கிறது. அமைக்க ‘வேண்டும்’ என்றல்ல! பென்ஷனும் சொந்த வீடும் இல்லாத கிழவியின் கதி அந்த ‘லாம்’-இல் தொங்குகிறது. கண்ணீர் விடுகிறவர்கள் இதற்கல்லவா விட வேண்டும்?

‘நினைவு தப்பியவர்களை எப்படிக் கேட்பது?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் நினைவு இருக்கும்போதே கேளுங்கள் என்கிறேன். மறந்துபோனவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம், மறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டோமா?

என் கட்சி இதுதான்: சேர வருகிறவரைத் தனியே உட்கார வைத்துப் பேசாமல், அவர் கையெழுத்து இல்லாமல், எந்த இல்லமும் யாரையும் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்ப்பது அடைக்கலமல்ல, சரக்கு இறக்குவது.

எனக்கும் 68 ஆகிவிட்டது. போன மாதம் நானே போய் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். “ஊர் என்னப்பா சொல்லும்?” என்று கோபித்துக்கொண்டான் என் மகன். ஊர் வந்து ராத்திரி எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்குமா என்று கேட்டேன். போவேனோ மாட்டேனோ, இன்னும் நான் முடிவு செய்யவில்லை. அங்கிருந்து வாங்கி வந்த படிவம் என் மேஜையில் இருக்கிறது. அதை நிரப்புவதானால் நான்தான் நிரப்புவேன்.