ஐடியா வரலையா? முதல்ல தூங்க விடுங்க

1/ போன மாசம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பு: 'படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி, மனத்தடையை உடைப்பது எப்படி'. அங்க நான் முழுசா சொல்ல முடியாததை இங்க சொல்றேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ நேரம் காலை 7 மணி. கேட்க உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க. கம்பெனி பஸ்ஸை நிறுத்தி வெச்சுட்டு உட்கார வெச்சிருந்தாங்க. எனக்கு முன்னாடி பேசினவர் ஊக்கப் பேச்சாளர். "திங்க் அவுட் ஆஃப் தி பாக்ஸ்! தடை உங்க மனசுலதான் இருக்கு!"ன்னு முழங்கினார்.

3/ முன் வரிசையில மூணு பேர் தூங்கிட்டாங்க. "பாருங்க, முன்னேறணும்ங்கிற ஆர்வமே இல்ல"ன்னு மைக்லயே கிண்டல். கூட்டம் சிரிச்சது. எனக்குக் கோபம் வந்தது. அந்த மூணு பேருக்கும் குறைஞ்சது ஆர்வம் இல்ல. தூக்கம்.

4/ வாலாஜாபாத்ல கிளினிக் வெச்சிருக்கிற எனக்கு இது புதுசு இல்ல. "மூளையே ஓட மாட்டேங்குது சார்"னு சொல்லிக்கிட்டு வர்றவங்க அதிகம். ஒருத்தனைப் பத்தி சொல்றேன், அடையாளம் மாத்தி. ஐடிஐ படிச்ச பையன். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மிக்ஸியைப் பிரிச்சு மாட்டினவன். இப்ப மெஷின்ல சின்னச் சிக்கல் வந்தாக்கூட என்ன செய்றதுன்னு தெரியாம நிக்கிறானாம். "எனக்கு அறிவு மழுங்கிடுச்சா சார்?"

5/ "எவ்ளோ நேரம் தூங்குற தம்பி?"ன்னு கேட்டேன். "நைட் ஷிஃப்ட் வாரத்துல நாலு மணி நேரம் வந்தா பெருசு." ஒரே ரூம்ல ஆறு பேர், மூணு ஷிஃப்ட். ஒருத்தன் படுக்கும்போது இன்னொருத்தன் சமைப்பான். மேல ஷீட் கூரை. வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுறதுக்குள்ள அடுத்த நேரம் வந்துடும்.

6/ பொங்கலுக்கு ஊருக்குப் போய் அஞ்சு நாள் நல்லா தூங்கியிருக்கான். நாலாவது நாள் வீட்டுல ரொம்ப நாளா ஓடாம கிடந்த மோட்டாரை அவனே சரி பண்ணிட்டான். அறிவு எங்கயும் போகல. அதுக்கு ஓய்வு கிடைக்கல, அவ்வளவுதான்.

7/ இது என் கற்பனை இல்ல. 1988-லயே ஜிம் ஹார்ன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சோதிச்சுப் பார்த்திருக்கார். ஒரே ஒரு இரவு தூக்கம் இல்லாம இருந்தவங்களுக்குப் புதுசா யோசிக்கும் திறன் குறைஞ்சது. இன்னொன்னும் தெரிஞ்சது: வேலைக்கு ஆகாத பழைய வழியையே திரும்பத் திரும்பப் பிடிச்சுக்கிட்டாங்க. நாம 'மனத்தடை'ன்னு சொல்றது கிட்டத்தட்ட இதைத்தான்.

8/ 1997-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு: தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருந்தவங்க செயல்திறன், ரத்தத்துல 0.05% ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு இறங்கிடுது. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03%. குடிச்சவனை உட்கார வெச்சு "ஏன்டா ஐடியா வரல?"ன்னு யாராவது கேட்பாங்களா?

9/ 2004-ல ஜெர்மனியின் லூபெக்ல இன்னொரு ஆய்வு. எண்களை வெச்சு ஒரு கணக்கு. அதுக்குள்ள ஒரு குறுக்கு வழி ஒளிஞ்சிருக்கும், யாருக்கும் சொல்ல மாட்டாங்க. இடையில 8 மணி நேரம் தூங்கினவங்கள்ல அதைக் கண்டுபிடிச்சவங்க பங்கு, தூங்காதவங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல. தூங்கும்போதும் மூளை வேலை பார்க்குது.

10/ சரி, அந்த 'பாக்ஸ்'க்கு வருவோம். உளவியல்ல நிஜமாவே ஒரு பெட்டிச் சோதனை இருக்கு. கார்ல் டங்கர் உருவாக்கினது. ஒரு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு டப்பா நிறைய குண்டூசி. மெழுகு கீழ சொட்டாம வத்தியைச் சுவர்ல பொருத்தணும். டப்பாவைக் காலி பண்ணி அதையே தாங்கியா சுவர்ல குத்தணும்னு தோணினா முடிஞ்சது.

11/ 1962-ல சாம் க்ளக்ஸ்பெர்க் இதுல காசைச் சேர்த்தார். சீக்கிரம் முடிச்சா பணம்னு சொன்ன குழு, சொல்லாத குழுவைவிட அதிக நேரம் எடுத்தது! ஊசியைக் கொட்டி டப்பாவைக் காலியா வெச்சுக் குடுத்தப்போ பணக்குழுதான் முந்தினது. தெரிஞ்ச வேலைக்கு அவசரம் உதவும். புது வழி தேடுற வேலைக்கு அதே அவசரம் கண்ணைக் கட்டும். தலைக்கு மேல டார்கெட் போர்டை மாட்டிட்டு "புதுசா யோசி"ன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் படிக்கணும்.

12/ கேன்டீன் வாசல்ல 'ஐடியா பெட்டி' ஒன்னு இருந்தது. போன மாசம் என்ன வந்துச்சுன்னு கேட்டேன். மூணே சீட்டாம். ஒன்னு, பஸ் ரூட்டை மாத்தினா 40 நிமிஷம் மிச்சமாகும்னு. ரெண்டாவது, லைன்ல பெண்களுக்கு டாய்லெட் போக மாற்று ஆள் வேணும்னு. மூணாவது, ஒரு டிரேயை இடுப்பு உயரத்துக்கு ஏத்தணும்னு. "இதெல்லாம் கம்ப்ளெய்ன்ட் டாக்டர், ஐடியா இல்ல"ன்னார் அதிகாரி.

13/ ஐயா, அது மூணும் ஐடியாதான்! டொயோட்டா 1951-ல தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கினதே, வேலை செய்றவனுக்குத்தான் வேலையோட கஷ்டம் தெரியும்ங்கிற நம்பிக்கையில. நாம கைசன்ங்கிற வார்த்தையை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு, காதை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்.

14/ "எங்க காலத்துல தூங்காம உழைச்சோம்"னு சிலர் வருவீங்க. நானும் ஹவுஸ் சர்ஜனா 36 மணி நேரம் டியூட்டி பார்த்தவன்தான். அதுல ஒரு விடியற்காலை, ஒரே மருந்தை ரெண்டு தடவை எழுதிட்டேன். சிஸ்டர் ஒருத்தங்க கவனிச்சு நிறுத்தினாங்க. அன்னைக்கு அந்த நோயாளியைக் காப்பாத்தினது என் உழைப்பு இல்ல, அந்தம்மாவோட கண். இதுல பெருமைப்பட ஒன்னும் இல்ல.

15/ 2023 ஏப்ரல் 21-ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம்ம பேரவையில் நிறைவேறினது, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று வாபஸ் ஆனது நினைவிருக்கா? அந்த விவாதம் சம்பளம், உரிமை பத்தினது மட்டும் இல்ல. ஒரு மனுஷனுக்கு யோசிக்க நேரம் மிச்சம் இருக்குமாங்கிறதும்தான்.

16/ நல்லதையும் சொல்லணும். வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்குற விடுதியை 2024 ஆகஸ்ட்ல திறந்தாங்க. வரவேற்கிறேன். ஆனா படுக்கை இருந்தா மட்டும் தூக்கம் வராது. தூங்க நேரமும் வேணும்.

17/ நிர்வாகங்களுக்கு:
• ஷிஃப்ட் மாத்தினா காலை, மதியம், இரவுன்னு முன்னோக்கி மாத்துங்க.
• ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல குறைஞ்சது 11 மணி நேரம் விடுங்க.
• நைட் முடிச்சவங்களை வகுப்புக்கு உட்கார வைக்காதீங்க.
• ஐடியா சீட்டைத் தமிழ்லயும் இந்திலயும் ஒடியாலயும் வாங்குங்க. பதில் குடுங்க, 'முடியாது'ன்னாவது.

18/ தம்பி தங்கச்சிகளுக்கு:
• நைட்ல பாதி ராத்திரிக்கு மேல டீ, காபி வேண்டாம். அதோட வீரியம் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.
• காலையில திரும்பும்போது கூலிங் கிளாஸ் போடுங்க. ரூம் ஜன்னலைக் கெட்டித் துணியால மூடுங்க.
• நைட் முடிச்சு பைக் ஓட்டாதீங்க. பஸ்ல வாங்க.
• சிக்கல் வந்தா நோட்டுல ஒரு வரி எழுதி வெச்சுட்டுப் படுங்க. எழுந்ததும் அந்த வரியைப் பாருங்க. ஒரு நடை நடந்துட்டும் பாருங்க. நடக்கும்போது யோசனை பெருகுதுன்னு ஸ்டான்ஃபோர்டுல 2014-ல காட்டியிருக்காங்க.

19/ எல்லாத்துக்கும் தூக்கம் மட்டுமே காரணம்னு சொல்லல. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாமே மூளையை மந்தமாக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லன்னா டாக்டரைப் பாருங்க. வாழவே பிடிக்கலன்னு தோணினா உடனே 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

20/ அந்தக் கூட்டத்துல எனக்குக் குடுத்தது 40 நிமிஷம். நான் அஞ்சு நிமிஷம்தான் பேசினேன். "மீதி 35 நிமிஷத்தை உங்களுக்கே குடுக்கிறேன், பஸ் ஏறுங்க, போய்த் தூங்குங்க"ன்னேன். அன்னைக்குக் கைதட்டல் பலமா இருந்தது. அதிகாரிகள் தட்டல. அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டாங்க, பரவாயில்ல. ஷிஃப்ட் பட்டியல் போடுறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.