படம் பிள்ளைக்குத்தான்

மாங்குளம் பக்கத்து முன்பள்ளிகளில் மார்கழி பிறந்தால் நத்தார் ஒளிவிழாதான் பேச்சு. சைவப் பிள்ளை மரியாளாக வரும். வேதப் பிள்ளை ஆட்டுக்குட்டியாகத் தவழும். சூசையப்பரின் பஞ்சுத்தாடி மேடை ஏறமுன்னரே பாதி கழன்றுவிடும். அப்பாவின் சாரத்தைச் சுற்றி, தலையில் துவாய் கட்டிய இடையன் ஆடுகளை மறந்து சனத்துக்குள் அம்மாவைத் தேடுவான். மட்டைச் சிறகில் வெள்ளித்தாள் ஒட்டிய சம்மனசு ஒன்று, பாட்டுத் தொடங்கியதும் அழத் தொடங்கும்.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாரும் தகப்பன்மாரும் கைபேசியோடு முன்னுக்கு வந்துவிடுவார்கள். "ரீச்சர், ஒருக்கா விலகுங்கோ, பிள்ளையின்ர முகம் தெரியேல்லை." பின்னால் இருப்பவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் முன்னுக்கு வருபவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர்களில் எத்தனையோ பேரிடம் தங்கள் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை.

இறுதிப் போரில், 2008 கார்த்திகையில் இராணுவம் மாங்குளத்தைப் பிடித்தது. சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வருட நத்தார் தறப்பாளுக்குக் கீழே கழிந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் சாமான் குறைந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மடியில் இருந்தன. அல்பம் பாரம் என்று ஏதோ ஓர் இடத்தில் விடப்பட்டது. முள்ளிவாய்க்கால் கடந்து மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்கள் அதைத் தேடித் திரும்பிப் போக வழியில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசி 20 இல் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருந்தவை காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். ஒரு படத்தின் பெறுமதி இந்த மண்ணுக்குத் தெரியும்.

அதனால்தான் ஒளிவிழா முடிந்ததும் எடுக்கப்படும் மற்றப் படம் என்னை நோகச் செய்கிறது. புத்தகப்பையும் பிஸ்கற் பெட்டியும் கொடுத்து, பிள்ளைகளைப் பதாகைக்கு முன்னால் நிரையாக நிறுத்துவார்கள். பொதியை நெஞ்சோடு பிடி, சிரி, இஞ்ச பார். கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற உறவுகள் குளிருக்குள் உழைத்த காசு. கணக்குக் காட்டத்தான் வேண்டும். கணக்குக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. "தந்தையை இழந்த பிள்ளை" என்று எழுதி முகநூலில் ஏற்றும் படம், அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதும் அங்கேயே கிடக்கும். வகுப்புப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். பாலன் ஏழ்மையில் பிறந்ததைச் சனம் கண்ணால் காணட்டும் என்றுதான் 1223 இல் அசிசி பிரான்சிஸ், இத்தாலியின் கிரெச்சோவில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் குடில் அமைத்தார். அந்தப் பாலனின் கதையை நடித்து முடித்த பிள்ளையையே கீழே இறக்கி, அதன் ஏழ்மையைப் படம் பிடிக்கிறோம்.

உதவி செய்கிற உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஒளிவிழாவுக்குப் பதாகைக்குச் செலவழிக்கும் காசில் மேடைப் படங்களைக் கழுவி, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுங்கள். உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். பெற்றோரும் கைபேசியை நம்பி இருக்கவேண்டாம். அது தண்ணிக்குள் விழும், களவு போகும். படத்தின் பின்பக்கம் பெயரும் திகதியும் எழுதி, ஒன்றை வீட்டில் வையுங்கள். இன்னொரு பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கிற சித்தியிடமோ மாமியிடமோ கொடுத்து வையுங்கள்.