முப்பத்தைந்துக்கும் சென்டத்துக்கும் நடுவே

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்களில் பத்து எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண் வீதம் ஒரு வடிவியல் வரைதல், ஒரு வரைபடம். தேர்ச்சிக்கு 35 போதும். முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் சேர்ந்தால் 30 ஆகிவிடும்; நடுவில் மூன்று சிறு வினாக்கள் எழுதினால் பிள்ளை கரையேறிவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' என்று பிரித்து உட்கார வைக்கப்படும் மாணவர்களுக்கு மார்ச் வரை நடப்பது பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான். வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைய அந்தப் பிள்ளைக்குக் கை பழகியிருக்கும். ஆரமும் தொடுகோடும் ஏன் செங்குத்தாக நிற்கின்றன என்று கேட்டால் விழிக்கும். அட்டவணை போட்டுப் பரவளையம் வரையும். மைனஸ் மூன்றை வர்க்கப்படுத்தச் சொன்னால் தடுமாறும்.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விகிதம். பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளையை ஓராண்டில் என்ன செய்ய முடியுமோ, அதை அந்த ஆசிரியர் செய்கிறார்.

இதே தமிழ்நாட்டில், சேலம், நாமக்கல் பக்கத்தில் இன்னொரு கணிதமும் நடக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்துக்குக் கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி ஆகியவற்றோடு விடுதிப் பள்ளி என்பதும் ஓர் அடையாளம். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர்கள் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணி வரை படிக்க வைத்து, தேர்வுக்கு மேல் தேர்வு வைத்துக் கணிதத்தில் சென்டம் வாங்க வைக்கும் முறை அங்கே செம்மையாக உருவானது. ஊருக்குள் நுழையும் சாலைகளில் சென்டம் வாங்கியவர்களின் படங்களோடு பேனர்கள் நின்றன.

ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த இந்தப் பள்ளிகளுக்குப் பெரும் உந்துதல் தந்தது, சமத்துவத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு சீர்திருத்தம் என்பதை நாம் போதிய அளவு யோசித்ததில்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கிறது என்று 2006இல் சட்டம் இயற்றி அதை நீக்கினோம். அந்த முடிவு நியாயமானது. பயிற்சி மையம் இருந்ததெல்லாம் நகரத்தில்தான். 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. ஒரே தேர்வில் மொத்தப் பாரமும் விழுந்ததும், அந்த ஒரு தேர்வுக்காக இரண்டு ஆண்டு செலவழிக்க வசதியுள்ளவர் கை ஓங்கியது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பரவியது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பிளஸ் டூவுக்குக் கிடைத்தது பத்து மாதம். எதிரே இருந்தவருக்கு இருபது மாதத்துக்கு மேல்.

சமச்சீர்க் கல்வி வந்தபோதும் சமத்துவம் என்ற இதே பேச்சுதான் நடந்தது. அதற்கு முன் மெட்ரிகுலேஷன் பத்தாம் வகுப்புக்கு மொத்தம் 1,100 மதிப்பெண், கணிதத்துக்கு இரண்டு தாள். மாநிலப் பாடத்திட்டத்தில் 500, கணிதம் ஒரே தாள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்றது. தரம் போய்விடும் என்று ஒரு தரப்பு நீதிமன்றம் சென்றது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்றது. புத்தகம் ஒன்றானது. ஆனால், அதைப் படிக்கக் கிடைக்கும் நேரமும், சொல்லித்தரும் ஆளும் ஒன்றாகவில்லை.

2017இல் பள்ளிக் கல்வித் துறை துணிச்சலாக மூன்று காரியங்கள் செய்தது. பொதுத் தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தது, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் புதிய பாடத்திட்டத்துக்குக் குழு அமைத்தது. புத்தகத்தில் இல்லாத கணக்கும் தாளில் வரும் என்றானது. பிளஸ் ஒன் தேர்வு வந்த பிறகுதான், எல்லை, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வெக்டர் ஆகியவை விடுதிப் பள்ளிகளிலும் உரிய ஆண்டில் நடத்தப்பட்டன. பொறியியல் முதல் பருவக் கணிதத்தில் அரியர் வைக்கும் பிள்ளைகளில் பலர் வழுக்கி விழுவது இந்தப் பாடங்களில்தான் என்பதைக் கல்லூரி ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தப் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு நீக்கப்பட்டுள்ளது. அடுத்தடுத்து மூன்று ஆண்டு பொதுத் தேர்வு என்பது பிள்ளைகளுக்குச் சுமை என்பது உண்மை. பிளஸ் ஒன்னில் தவறி, அதைச் சுமந்துகொண்டே பிளஸ் டூ படிப்பது ஏழைப் பிள்ளையை எளிதில் பள்ளியிலிருந்து வெளியே தள்ளும். நீக்கியதை நான் எதிர்க்கவில்லை. நீக்கிய இடத்தில் எதையும் வைக்காமல் விட்டதைத்தான் எதிர்க்கிறேன். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கும் பழைய வழக்கம் திரும்பிவர நாமக்கல் மாவட்டத்தில் அதிக நாள் ஆகாது.

சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையிலான தேசியக் குழு, 2005 தேசியக் கலைத்திட்டத்தையொட்டிக் கணிதக் கல்வி குறித்து ஓர் அறிக்கை தந்தது. எல்லாக் குழந்தைகளாலும் கணிதம் கற்க முடியும், எல்லாக் குழந்தைகளுக்கும் கணிதம் தேவை என்பதே அதன் அடித்தளம். நம் கணித வகுப்பு, பங்கேற்காமல் ஒதுங்கி நிற்கும் பெரும்பான்மையையும் ஆர்வமுள்ள சிலரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுகிறது என்றும் அது சுட்டிக்காட்டியது. சேலம், நாமக்கல் நிலவரத்தை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. சமத்துவமா சாதனையா என்று தராசு பிடிப்பவர்கள், ஒரு தட்டு தாழ்ந்தால் மற்றது உயரும் என்று நம்புகிறார்கள். இங்கே இரண்டுமே தரையில் கிடக்கின்றன. முப்பத்தைந்து வாங்கியவருக்கும் கணிதம் வரவில்லை. மனப்பாடத்தில் சென்டம் வாங்கியவர்களில் பலருக்கும் வரவில்லை.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நீக்கி, எல்லோருக்கும் ஒன்பதில்தான் என்றார்கள். எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் இன ரீதியான இடைவெளி குறையும் என்பது எண்ணம். காசுள்ள பெற்றோர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள். மேல்வகுப்புக் கணிதத்தில் பெரிய இடைவெளி அப்படியே இருந்தது. 2024இல் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். மேலே இருப்பதை வெட்டிச் சமன் செய்ததில், வெட்டுப்பட்டது அரசுப் பள்ளியை மட்டுமே நம்பியிருந்த கெட்டிக்காரப் பிள்ளைதான்.

எதிர்ப்பக்கத்தில் சிபிஎஸ்இ 2020 முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என்று இரண்டாக்கியது. தமிழ்நாட்டுக்கும் இது வேண்டும் என்று சிலர் அவ்வப்போது சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளியின் மகளிடம் எந்தத் தாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. தேர்ச்சி விகிதத்துக்குப் பயந்து பள்ளியே அவளுக்கு எளிய தாளை எழுதிக் கொடுத்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவின் கதவு, அவள் அறியாமலே மூடிவிடும்.

அப்படியானால் எங்கே கைவைப்பது? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில்தான். தொடக்கப் பள்ளியில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து உட்கார வைத்து, எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்கியது. ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படையை மீட்டுத் தர 2025இல் 'திறன்' திட்டம் வந்திருக்கிறது. திசை சரியானது. ஆனால், நடுநிலைப் பள்ளியில் அதை நடத்தப்போவது யார்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான மூன்று வகுப்புகளில் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஓர் ஆசிரியர் இருந்தால் போதும் என்கிறது. தாவரவியலோ விலங்கியலோ படித்து வந்தவர் கணிதமும் எடுக்கிறார். அவர் உழைப்பில் குறையில்லை. ஆனால், பின்னம் தசமமாகவும் விகிதமாகவும் மாறுவதும், எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்காருவதும், குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதும் இந்த மூன்று ஆண்டுகளில்தான். பள்ளிக் கணிதத்திலேயே சொல்லித்தரக் கடினமான பகுதி இது. பிள்ளை எந்த இடத்தில் தவறுகிறது என்று கண்டுபிடிக்கக் கணிதத்தில் ஊறியவர் வேண்டும். வெண்ணந்தூரிலோ எடப்பாடியிலோ ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குக் கணிதப் பட்டதாரி ஒருவரைத் தனியாகக் கொடுப்பது செலவுதான். பத்தாம் வகுப்பில் கையேடு அச்சிட்டுக் கடைசி மூன்று மாதம் போராடுவதும் செலவுதான்.

'திறன்' வகுப்புக்குள் போன பிள்ளை அதற்குள்ளேயே தங்கிவிடும் அபாயமும் உண்டு. தன் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு அடிப்படையை மட்டும் படிப்பவர் திரும்பும்போது வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். எனவே, தனிப்பயிற்சி கூடுதல் நேரமாக இருக்க வேண்டுமே தவிர, மாற்று வகுப்பாக இருக்கக் கூடாது. அதே பள்ளியில் கணக்கைத் தானே துரத்திப் போகும் நான்கைந்து பேருக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இப்போது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள மாதிரிப் பள்ளி. அங்கே போய் ஐஐடி வரை சென்றவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால், அங்கே இடம் சிலருக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் கிடைத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மிகப் பெரிய வெற்றி. அந்த இடத்தில் அமர்பவர் முதல் பருவத்தைத் தாண்ட வேண்டுமானால், அவர் படித்த ஊர்ப் பள்ளியிலேயே கணிதம் வலுவாக இருந்திருக்க வேண்டும்.

மூன்று காரியங்களை அரசு உடனே செய்யலாம். பிளஸ் ஒன் இறுதியில் அரசு, தனியார் என்று பாராமல் எல்லாப் பள்ளிகளுக்கும் மாநிலம் முழுக்க ஒரே கணிதத் தாள் வைக்கலாம். தேர்ச்சி, தோல்வி, ரேங்க், சான்றிதழ் எதுவும் வேண்டாம். எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்ற விவரம் மட்டும் பள்ளிக்குத் திரும்ப வரட்டும். கல்வி அலுவலர்கள் ஜூலை மாதமே விடுதிப் பள்ளிகளின் பிளஸ் ஒன் வகுப்புகளுக்குள் நுழைந்து, மேசை மேல் எந்த வகுப்புப் புத்தகம் திறந்திருக்கிறது என்று பார்க்கட்டும். அடுத்து, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது என்று சொல்லிக் கணிதப் பிரிவை மூடக் கூடாது. ஆறு மாணவிகள்தான் சேர்ந்தார்கள் என்றாலும் பிரிவு நடக்க வேண்டும், அதற்கு முதுகலைக் கணித ஆசிரியர் இருக்க வேண்டும். அந்த ஆறு பேருக்கு அடுத்த அரசு மேல்நிலைப் பள்ளி இரண்டு பேருந்து தள்ளி இருக்கலாம். இரண்டு பேருந்து மாறி மகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு.