செயல்முறைகள் எல்லோருக்கும் கிடைக்கட்டும்

நோயாளியிடம் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால், மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையை ரத்த அணுக்களே தீர்த்துவிடும். ஊதா மூடிக் குழாயிலிருந்து சில துளிகளை வேறு குழாயில் ஊற்றினால், அதிலுள்ள ஈடிடிஏ என்ற உறைதல் தடுப்பான் பொட்டாசியத்தைக் கூட்டியும் கால்சியத்தைக் குறைத்தும் காட்டும். அதன்பின் எத்தனை லட்ச ரூபாய் இயந்திரத்தில் வைத்தாலும் தவறான எண்தான் வரும். அதை நம்பித்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார்.

இத்தகைய பிழைகளைத் தடுப்பவை எழுதிவைத்த செயல்முறைகள். எந்தக் குழாயை முதலில் நிரப்ப வேண்டும், எந்த மாதிரியை ஏற்கக் கூடாது, உயிருக்கு ஆபத்தான முடிவு வந்தால் மருத்துவரை யார் உடனே அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் அவை வரையறுக்கின்றன. பெரிய மருத்துவமனைகளிடமும் ஆய்வகத் தரத்தை மதிப்பிடும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களிடமும் இவை செம்மையாக உள்ளன. ஆனால் அந்த அங்கீகாரம் இந்தியாவில் எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஒன்றிரண்டு டெக்னீஷியன்களுடன் இயங்கும் சிற்றூர் லேப், அனுபவத்தையும் வாய்மொழியையும் நம்பியே வேலை செய்ய நேர்கிறது. இந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

இந்த இடைவெளியை மூட, செம்மையான செயல்முறைகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பகிர வேண்டும். அப்படிப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. காசநோய்க்கான சளிப் பரிசோதனை நாடு முழுவதும் ஒரே செயல்முறைப்படி நடக்கிறது. ஸ்லைடுகள் மறு ஆய்வும் செய்யப்படுகின்றன. நுண்ணுயிரியல் பரிசோதனைகளுக்கான செயல்முறைகளை ஐசிஎம்ஆர் இலவசமாகவே வெளியிட்டுள்ளது. வேலூர் சிஎம்சி நடத்தும் தர மதிப்பீட்டுத் திட்டத்தில், பல ஆய்வகங்கள் ஒரே மாதிரியைச் சோதித்துத் தங்கள் முடிவுகளை ஒப்பிட்டுக்கொள்கின்றன. முடிவுகளை ஒப்பிட முன்வருபவர்கள், அவற்றை எட்டும் வழியையும் பகிரலாமே!

பகிர்ந்தால் கண்மூடி நகலெடுப்பார்கள் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. இயந்திரமும் வேதிப்பொருளும் மாறினால் முறையும் மாறும். எந்த முறையையும் தன் இயந்திரத்தில் சரிபார்த்த பிறகே ஓர் ஆய்வகம் பயன்படுத்த வேண்டும் என்கிறது மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15189. ஆகவே பொது வரைவில், இயந்திரத்துக்கேற்ப மாறும் இடங்களைக் காலியாக விட்டு, சரிபார்த்து நிரப்பச் சொல்லலாம். தொழில் ரகசியம் என்ற வாதத்தை ஏற்க முடியாது. கட்டணமும் ஒப்பந்தமும் ரகசியமாக இருக்கட்டும். ரத்தம் எடுக்கும் முறையில் மறைக்க என்ன இருக்கிறது?

மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இதில் முந்திக்கொள்ள வேண்டும். அவற்றின் செயல்முறைகளைச் சுகாதாரத் துறை தொகுத்து, வல்லுநர்களைக் கொண்டு திருத்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக வெளியிட வேண்டும். ஒவ்வொன்றிலும் பதிப்பு எண்ணும் சரிபார்த்த தேதியும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் மறுபார்வை நடக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாகும் ஒவ்வொரு லேபுக்கும் பதிவுச் சான்றிதழுடன் இந்தத் தொகுப்பையும் வழங்கலாம். ரத்தம் எடுத்தல், மாதிரியைப் பாதுகாத்தல், தகுதியற்ற மாதிரியை நிராகரித்தல், ஆபத்தான முடிவைத் தெரிவித்தல் ஆகிய நான்கும் எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவானவை. இந்த நான்கோடு இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.