அந்த 15 சதவீதக் கதவு!



எந்த காலேஜில் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். பி.எஸ்சி. ஃபர்ஸ்ட் இயரில் ரெண்டு, மூணு பேராவது இப்படி இருப்பார்கள். அட்டெண்டன்ஸுக்கு 'பிரசென்ட் சார்' சொல்லிவிட்டு, ரெக்கார்டு நோட்டுக்கு அடியில் நீட் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். 'இந்த ஒரு தடவை மட்டும்ப்பா... கிடைக்கலேன்னா பேசாம டிகிரியை முடிச்சுடுறேன்' என்று வீட்டில் கெஞ்சி வாங்கிய ஒரு வருஷம் அது.

ரிசல்ட் வரும். மார்க் பரவாயில்லை. ஆனால், தமிழ்நாட்டு ரேங்க் லிஸ்ட்டில் பெயர் மதில் மேல் பூனையாக நிற்கும். அப்போது யாராவது ஒரு சீனியர் சொல்வார்: 'ஆல் இந்தியா கோட்டாவில் போட்டுப் பாரேன். வெளி மாநிலத்துல கவர்ன்மென்ட் சீட்டே கிடைக்கும்!'

அவர் சொல்வது நிஜம்தான். அதோடு நிறுத்திக்கொள்கிறாரே, அங்கேதான் சிக்கல். விண்ணப்பிப்பது அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் டிக் அடிப்பது ஒரு காலேஜ் பெயரை மட்டும் இல்லை பாஸ். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன்சி... ஆக, ஐந்தரை வருஷம் நீங்கள் குடியிருக்கப் போகும் ஊரை!

அதனால், ஃபார்மைத் திறக்கும் முன் கொஞ்சம் பேசலாம், வாங்க.

இது யார் வீட்டு சீட்?

அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. சொந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவது இயல்பு. ஆனால், 'மொத்தத்தையும் எங்களுக்கே' என்று கதவைச் சாத்த முடியாது என 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1986-ல் தினேஷ் குமார் வழக்கில், எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் நாடு முழுவதற்கும் பொது என்று கணக்கு முடிவானது.

நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 250 இடங்கள் என்றால், அதில் சுமார் 38 இடங்கள் அந்தக் கணக்கில் போகும். அங்கே படிக்கும் ராஜஸ்தான் பையனும், கேரளப் பெண்ணும் வந்தது இந்தக் கதவு வழியாகத்தான். அதே கதவு வழியாகத்தான் நீங்களும் நாக்பூருக்கோ, திருப்பதிக்கோ போகிறீர்கள். யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை. 'ஊர்ல கிடைக்காம இங்கே வந்தவன்' என்று எவராவது சொன்னால் தலை குனிய வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்காரர்களுக்கு. 'சித்தப்பா பெங்களூர்ல இருக்கார், அங்கே ஒரு இருப்பிடச் சான்றிதழ் வாங்கிடலாம்' என்று ரெண்டு படகில் கால் வைக்கிற யோசனை யாராவது கொடுத்தால், கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். ரெண்டு மாநிலத்தில் உரிமை கோருவது கண்டுபிடிக்கப்பட்டால் உள்ளூர் சீட்டும் சேர்ந்தே போகும்.

சர்டிபிகேட் அதே, கணக்கு வேற!

நம் பிள்ளைகள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி. என்று தனித்தனிப் பங்கு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அகில இந்திய ஒதுக்கீட்டில் இந்த டேபிள் அப்படியே மாறிவிடும். எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10, மீதி பொது. அருந்ததியருக்கென்று தனிப் பங்கு கிடையாது. எம்.பி.சி.க்கும் கிடையாது. அரசுப் பள்ளி ஒதுக்கீடும் மாநில எல்லையோடு நின்றுவிடும்.

அதாவது, இங்கே எம்.பி.சி.யாக 20 சதவீதத்துக்குள் போட்டி போடுகிறவர், அங்கே நாடு முழுக்க இருக்கும் ஓ.பி.சி. மாணவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். அதுவும் எப்போது? மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் அவர் சாதி இருந்தால்! கிரீமி லேயரில் வராதவர் என்று காட்டும் சான்றிதழ், மத்திய அரசுப் படிவத்தில், செல்லுபடியாகும் தேதியோடு கையில் இருந்தால்! லேமினேட் பண்ணி பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் நம்ம ஊர் கம்யூனிட்டி சர்டிபிகேட் மட்டும் இங்கே போதாது. ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதைவிட, பரீட்சை எழுதிய கையோடு போய் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, வெளி மாநிலத்தில் படித்தாலும் உண்டு. சொந்த மாநிலம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 'வெளியூர் போயிட்டா எதுவும் கிடைக்காது' என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

வரிசைதான் நிஜ பரீட்சை

மருத்துவக் கலந்தாய்வுக் குழு, அதாவது எம்.சி.சி. நடத்தும் கவுன்சலிங் முழுக்க ஆன்லைனில்தான். தமிழ்நாட்டு கவுன்சலிங்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் போட்டால் இன்னொன்றில் போட்டதாக ஆகாது.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பக்கத்தில் கம்ப்யூட்டர் செய்வது ரொம்ப சிம்பிள். உங்கள் ரேங்க் வரும்போது, உங்கள் லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்க்கும். எந்த இடம் முதலில் காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். 'இது எனக்கு எங்கே கிடைக்கப் போகுது' என்று பிடித்த காலேஜைக் கீழே தள்ள வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காத காலேஜை முதலில் எழுதியதற்காக அடுத்தது பறிபோகாது. ஆனால், போகவே மாட்டேன் என்று உள்ளுக்குள் தெரிந்த ஊரை, லிஸ்ட் நீளமாக இருக்கட்டும் என்று எழுதினால், அதுதான் உங்கள் தலையில் விடியும்.

சமீப வருஷங்களின் விதிப்படி, முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் நஷ்டமில்லாமல் விட்டுவிடலாம். ரெண்டாவது சுற்றில் விட்டால் டெபாசிட் போகும். அது பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு 5,000 ரூபாய். 'அப்கிரேடு வேணும்' என்று சொல்லி அடுத்த சுற்றில் வேறு இடம் கிடைத்துவிட்டால், பழைய இடம் அந்த நிமிஷமே காலி. மூன்றாவது சுற்றில் சேர்ந்துவிட்டால் ராஜினாமா பண்ண முடியாது. கடைசி ஸ்ட்ரே சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால், அடுத்த வருஷ நீட் எழுதவே தடை! சுற்று ஏற ஏற விளையாட்டு சீரியஸாகும். விதிகளை வருஷா வருஷம் திருத்துவார்கள் என்பதால், அந்த வருஷத்துத் தகவல் குறிப்பேட்டை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். பிரவுசிங் சென்டர் அண்ணனை நம்பி விடாதீர்கள்.

பாண்ட்... ஜேம்ஸ் பாண்ட் இல்லை!

சீட் கிடைத்த சந்தோஷத்தில் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் கழித்து 'ஐயோ' என்கிறவர்கள் நிறைய. பல மாநிலங்களில், படித்து முடித்ததும் அந்த மாநில அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. இப்படி பாண்ட் கேட்பது செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மகாராஷ்டிரத்தில் ஒரு வருஷ சேவை, இல்லாவிட்டால் 10 லட்சம் ரூபாய் என்பது பல வருஷமாக இருக்கும் கணக்கு. ஹரியானாவில் 7 வருஷம், 40 லட்சம் என்று கொண்டுவந்த பாண்டை எதிர்த்து 2022-ல் ரோத்தக் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் 5 வருஷம், 30 லட்சமாகக் குறைந்தது. கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் வேலை பார்ப்பது கெட்ட விஷயமா என்ன? நல்ல அனுபவம்தான். ஆனால், வீட்டுக்கு மூத்த பிள்ளை நீங்கள், படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்றால், அந்த ஒரு வருஷமும் அந்தப் பத்து லட்சமும் உங்கள் அப்பாவுக்கு இன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். லிஸ்ட் போடும்போது காலேஜ் பெயருக்குப் பக்கத்தில் கட்டணம், ஹாஸ்டல், பாண்ட் என்று மூணு கட்டம் போட்டு நிரப்புங்கள். கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

'எங்கே வலிக்குது?'

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதையே திருப்பதியில் 'எக்கட நொப்பிகா உந்தி?' என்று கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 'எவிடெயா வேதன?' நாக்பூரில் 'குடே துக்தய்?' வகுப்பு இங்கிலீஷில் நடக்கும். வார்டு இங்கிலீஷில் நடக்காது! அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டி தன் நெஞ்சு வலியைத் தன் பாஷையில்தான் சொல்வார். 'குத்துது', 'அடைக்குது', 'பிசையுது' மூணுக்கும் நம்ம ஊரில் எவ்வளவு வித்தியாசம்! அந்த வித்தியாசம் அங்கே உங்களுக்குப் புரிந்தால்தான் நோய் புரியும்.

பயப்பட வேண்டாம். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், ஆரம்ப அறிமுக வகுப்பிலேயே உள்ளூர் மொழிக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வார்டுக்குப் போய் நிற்பதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் கையில் இருக்கிறது. மெஸ் அண்ணனிடமும் டீக்கடையிலும் தப்புத் தப்பாகவே பேசுங்கள். சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். தமிழ் குரூப்புக்குள்ளேயே ஐந்தரை வருஷமும் ஒளிந்துகொண்டால், டிகிரி கிடைக்கும், நோயாளி கிடைக்கமாட்டார்.

முதல் செமஸ்டர் தனிமை கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காமல் ஹாஸ்டலில் உட்கார்ந்திருக்கும் நாளும் வரும். ராகிங் என்று எவனாவது எல்லை மீறினால், 1800-180-5522 என்ற தேசிய ஹெல்ப்லைன் இருக்கிறது. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று பல்லைக் கடிக்க வேண்டாம். 'ரெண்டாவது வருஷம் ஊருக்கே டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கலாம்' என்ற கற்பனையிலும் சீட் எடுக்காதீர்கள். 2023-ல் வந்த விதிமுறை அதற்குத் தடை போட்டது.

மேப்பை எடுங்க பாஸ்!

'வெளி மாநிலம்' என்றதும் அம்மாக்கள் கண்ணைக் கசக்குவார்கள். கூடவே உட்காரவைத்து மேப்பைக் காட்டுங்கள். நாகர்கோவில்காரருக்குச் சென்னை சுமார் 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் எழுபதோ என்னவோ! சென்னைக்காரருக்குத் திருப்பதி ஒரு டிபன் தூரம். நாக்பூரே கூட, சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மதியம். மாநில எல்லை அரசாங்கம் போட்டது. உங்கள் வீட்டுக்கு எது தூரம் என்பதை ரயில் டைம் டேபிள்தான் சொல்லும்.

'பி.ஜி. படிக்கும்போது என்ன ஆகும்?' என்று சிலர் கேட்பார்கள். மேற்படிப்பில் இருப்பிடத்தை வைத்து இடஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்த கல்லூரியை வைத்துத் தரும் முன்னுரிமையை ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டது. அதனால், எம்.பி.பி.எஸ்.ஸை எங்கே படிக்கிறீர்கள் என்பது நாளைக்கும் பேசும்.

லிஸ்ட்டை லாக் பண்ணும் முன், ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது மட்டும்தான் கிடைக்கும்னா, பெட்டியைக் கட்டுவேனா?' 'கட்டுவேன்' என்றால் இருக்கட்டும். தயக்கமாக இருந்தால் தூக்கிவிடுங்கள். மிச்சம் இருக்கும் லிஸ்ட் பத்துப் பெயரோ, நூறு பெயரோ... அது உங்களுடையது.

பெட்டியைக் கட்டுகிறவர்களுக்கு ஆல் தி பெஸ்ட்! மீண்டும் பி.எஸ்சி. வகுப்புக்கே வருகிறவர்களுக்கு... அந்த ரெக்கார்டு நோட்டைக் கொஞ்சம் திறந்துதான் பாருங்களேன்!

அடுத்த வாரம் பார்ப்போமா?