கரண்ட் போனால் ஓட வேண்டிய மோட்டார்

சென்னையில் மழையும் கரண்ட்டும் ஒரே வீட்டில் சேர்ந்து தங்குவதில்லை. மழை உள்ளே வந்தால் கரண்ட் வெளியே போய்விடும். இதில் மின்வாரியத்தைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கரண்ட்டை விட்டுவைத்தால் ஆள் போய்விடும், நிறுத்துவதுதான் தர்மம். ஆனால் பேஸ்மென்ட்டில் சேரும் தண்ணீரை இறைக்கிற மோட்டார் அதே கரண்ட்டை நம்பித்தானே உட்கார்ந்திருக்கிறது? வருஷத்தில் பத்து மாசம் 'நான் ரெடி' என்று நிற்கும். மழை அன்றைக்கு மட்டும் கேஷுவல் லீவு!

'சம்ப்' என்றால் நமக்கு லாரித் தண்ணீர் இறங்குகிற தொட்டி. அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு வேறே அர்த்தம். அங்கே வீட்டுக்கு அடியில் நிலவறை உண்டு. அதன் மூலையில் குழி வெட்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சேர்த்து, மோட்டார் வைத்து வெளியே தள்ளுவார்கள். அந்தக் குழிதான் சம்ப். நாம் காசு கொடுத்து உள்ளே விடுகிறோம், அவர்கள் காசு செலவழித்து வெளியே அனுப்புகிறார்கள். அடுக்குமாடிகளில் கார் நிறுத்த பேஸ்மென்ட் தோண்ட ஆரம்பித்ததும் இரண்டு செலவும் நம் தலையில்.

எங்கள் குடியிருப்பு வேளச்சேரிப் பக்கம். 24 வீடுகள். நான் பி.காம். என்பதால் அசோசியேஷன் பொருளாளர். (எம்.காம். படித்தவர் ஒருத்தர் இரண்டாம் மாடியில் இருக்கிறார். தேர்தல் முடிகிற வரை அதை வெளியே விடவே இல்லை!)

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கரண்ட் நின்றது. குழிக்குள் இருந்த அரை ஹெச்.பி. மோட்டார் ஜலசமாதி அடைந்தது. 'ஜெனரேட்டர் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருந்தது... அதே பேஸ்மென்ட்டில். முதலில் முழுகியதே அதுதான்.

பேஸ்மென்ட்டில் கார்கள் மட்டும் இல்லை. மூலையில் ஓர் அறை. அதில் வாட்ச்மேன் பெரியவர், அவர் சம்சாரம், ஏழாவது படிக்கிற பேத்தி. மூன்று பேரும் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே படியேறி முதல் மாடி வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். டி.வி., அரிசி மூட்டை, பேத்தியின் புத்தகப் பை எல்லாம் கீழேயே மிதந்தன. கார்க்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. கணக்கு நோட்டுக்கும் தமிழ்க் கோனார் உரைக்கும் எந்தக் கம்பெனியும் பாலிசி எழுதுவதில்லை.

தண்ணீர் வடிந்ததும் பொதுக்குழு கூடியது.

"இன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி இருக்கிற மோட்டாருக்கே கொடுத்துட்டா என்ன?" என்றார் மூன்றாம் மாடி ரிடையர்டு பேங்க் ஸார்.

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். "ஸார், மோட்டார் ஓடறப்போ இழுக்கறதைவிட கிளம்பறப்போ அஞ்சாறு மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் 'கீ'ன்னு கத்திட்டுப் படுத்துடும். 12 வோல்ட் டி.சி. பம்ப் வாங்குங்க. பேட்டரியிலிருந்து நேரா ஓடும்."

அப்படியே முடிவாயிற்று. பழைய மோட்டார் அதே இடத்தில். அதற்குப் பக்கத்தில் குட்டி பம்ப். அதன் ஃப்ளோட் சுவிட்ச் ஒரு ஜாண் உயரத்தில். பெரியவன் ஓடாமல் தண்ணீர் ஏறினால் சின்னவன் தானாகக் கிளம்புவான். தனி பைப், தண்ணீர் திரும்பி வராமல் இருக்க ஒரு என்.ஆர்.வி. பேட்டரி, சார்ஜர் இரண்டும் கீழே கிடையாது. தரைத் தளத்தில் மாடிப்படிக்கு அடியில், இரும்பு ஸ்டாண்டில், காற்றோட்டமாக. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதை அலமாரிக்குள் பூட்டி வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. 12 வோல்ட் என்பதால் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸும் வேண்டும்.

மொத்தச் செலவு ரூ.31,200. 24-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 1,300. "நான் காரை ரோட்டில்தானே நிறுத்தறேன், நான் ஏன் கொடுக்கணும்?" என்று ஒருத்தர் கேட்டார். லிஃப்ட்டின் இயந்திரம் மொட்டை மாடியில் இருக்கிறது, அதற்காகத் தரைத் தளத்துக்காரர் பணம் தராமல் இருக்கிறாரா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்.

முதல் நாள் சோதனையில் ஒரு வேடிக்கை. ப்ளம்பர் பைப்பின் வாயை கேட்டுக்கு உள்பக்கமே விட்டிருந்தார். பம்ப் ஜோராக இறைத்தது. வெளியே வந்த தண்ணீர் கார் இறங்குகிற சரிவு வழியாக மறுபடி கீழே போய், குழியில் விழுந்து, மறுபடி மேலே வந்து... அப்படியே விட்டிருந்தால் ஒரே பக்கெட் தண்ணீரை ஆயுசு முழுக்க இறைத்திருக்கலாம்! பைப்பை கேட்டுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய் வரை நீட்டி, சரிவின் தலையில் ஓர் அடி உயரத்துக்கு மேடு போட்ட பிறகுதான் சரியானது.

ஓர் எச்சரிக்கை அலாரமும் வாங்கினோம். மேல்தொட்டி நிறைந்தால் பேசுமே, அந்த ரகம். குழியில் தண்ணீர் எல்லை மீறினால், "தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண்மணி இனிமையாகச் சொல்கிறார். எங்கள் குடியிருப்பில் அதற்கு அர்த்தம், 'ஓடு, மோட்டார் ஓடுதான்னு பாரு!'

இனி பி.காம். கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் சரிவு 30 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை என்றால் 3,000 லிட்டர். பம்ப் மணிக்கு ஏறக்குறைய அவ்வளவு இறைக்கிறது, 15 ஆம்பியர் இழுக்கிறது. பேட்டரி 150 ஆம்பியர்-ஹவர். அதை ஒட்டக் கறக்கக் கூடாது. பாதியோடு நிறுத்தினால்தான் ஆயுசு. பாதி 75. 75-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம். 15,000 லிட்டர்.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தெருத் தண்ணீரே மேட்டைத் தாண்டி இறங்கினால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போட வேண்டியதுதான். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வந்ததே, அதற்கு முன்னால் இந்தப் பம்ப் ஒரு ஸ்ட்ரா. மழைநீருக்கும் ஊற்றுத் தண்ணீருக்கும்தான் இது தாங்கும். வெள்ளம் வந்தால், ஆட்கள் மேலே ஏறக் கொஞ்சம் அவகாசம் தரும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் படித்துவிட்டு, "அப்படின்னா ராத்திரி மூணு பேர் கீழே படுக்கலாமா?" என்று கேட்டேன்.

பம்ப் தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. வாட்ச்மேன் குடும்பத்தைத் தரைத் தளத்து அசோசியேஷன் அறைக்கு மாற்றும் தீர்மானத்துக்கு மூன்று கூட்டம் பிடித்தது. காரணம், அங்கே கேரம் போர்டு இருந்ததாம். "அதை எங்கே வைக்கிறது?" என்றார் ஒருத்தர். "பேஸ்மென்ட்டில் வையுங்கள், முழுகினால் வேறே வாங்கிக்கலாம்" என்றார் பேங்க் ஸார். அதுவரை அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம். செப்டம்பரில் பெரியவர் மேலே வந்துவிட்டார்.

2024 அக்டோபர் 15-ஆம் தேதி மழை ஞாபகம் இருக்கும். எச்சரிக்கை வந்ததுமே எங்கள் பக்கத்து ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கும் கரண்ட் போனது. சின்ன பம்ப் தானாகக் கிளம்பி ஓடியது. பெரியவர் படியில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்ட் வருகிற வரை குழி நிரம்பவில்லை.

பம்ப் ஓடியதற்குக் காரணம் விலை அல்ல. மாசத்தின் முதல் ஞாயிறு தவறாமல் பெரியவர் மெயினை அணைத்துவிட்டு, குழியில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, ஃப்ளோட் எழும்புகிறதா, பம்ப் கிளம்புகிறதா என்று பார்க்கிறார். குழியில் விழும் பாலிதீன் பையையும் இலைதழையையும் பொறுக்கி எடுக்கிறார். நான் மேலே பேட்டரியைப் பார்க்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருந்தால் கோடு வரை ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, பாட்டிலில் வருகிற மினரல் வாட்டரும் ஆகாது. சார்ஜரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் துடைத்து வாஸலின் தடவ வேண்டும்.

1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். அன்று முதல் இன்று வரை அதன் சுபாவம் மாறவில்லை: சும்மா கிடந்தாலும் கிழடாகும். சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டுவைத்தால் சீக்கிரம் கிழடாகும். நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே மாசா மாசம் தனியாகப் பணம் எடுத்து வைக்கிறேன். தேய்மானம் என்று பாடம் படித்தது வீண் போகக் கூடாதே!

பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றால் மெயின் அணைத்தாகிவிட்டதா என்று தெரியாமல் யாரும் காலை வைக்காதீர்கள். கார் போனால் கார்.

நம் முன்னோர் ஆயுத பூஜையை ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னால் வருகிற மாதிரி வைத்தது எவ்வளவு சௌகரியம் பாருங்கள். இந்த வருஷம் பேட்டரிக்கும் பம்ப்புக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறவர்கள் தாராளமாக வையுங்கள். டெர்மினலில் மட்டும் வேண்டாம். அதற்கு முன்னால் மெயினை அணைத்து, குழியில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஓடினால் பூஜை. ஓடாவிட்டால் உடனே எலெக்ட்ரீஷியன்!